ரிப்பன், லேஸ் போ செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போ (bow) என்பது ரிப்பனை இரு பக்கமும் வளையமாக விட்டு, நடுவில் கட்டிச் செய்யும் அலங்கார முடிச்சு. அதைச் செய்யப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். எவ்வளவு வெட்டுவது என்று தெரியவில்லை, முனை பிரிகிறது, செய்து முடித்த மறுநாளே தொங்கிவிடுகிறது. திரும்பத் திரும்ப வந்த அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

படிக்கும் முன் மூன்று பெயர்கள் மட்டும். இரு பக்கமும் புடைத்து நிற்கும் வளையம் காது. கீழே தொங்குவது வால். நடுவில் சுற்றி வருவது நடுப்பட்டி. ரிப்பன் சரியில்லை என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை உண்மையில் நடுப்பகுதியில் செய்த பிழைகள். அதனால் பல பதில்கள் அங்கேயே போய் நிற்கும்.

1. முதல் தடவை செய்யப் போறேன். எந்த ரிப்பன் வாங்கறது?

குறுக்கே மெல்லிய வரி வரியாக இருக்கும் கிராஸ்கிரெய்ன் ரிப்பன், 22 அல்லது 25 மி.மீ. அகலம், பாலியஸ்டர். அந்த வரிகள் ரிப்பனுக்கு ஒரு விறைப்பைத் தருகின்றன. மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும், விரலில் வழுக்காது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.

எல்லோரும் முதலில் கை வைப்பது சாட்டினில்தான். பளபளப்பு இழுக்கத்தான் செய்யும். ஆனால் அது வழுக்கும், ஊசி குத்திய தடம் தெரியும், ஒருமுறை தப்பாக மடித்தால் அந்தக் கோடு எளிதில் போகாது. கிராஸ்கிரெய்னில் பத்துப் பதினைந்து செய்த பிறகு சாட்டினுக்கு வாருங்கள். ஆர்கன்ஸா கண்ணாடி போல் ஊடுருவித் தெரிவதால் உள்ளே இருக்கும் நூல், பசை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. ரோல்ல 3, 5, 9னு நம்பர் போட்டிருக்கு. அது சென்டிமீட்டரா, இன்ச்சா?

இரண்டும் இல்லை. அது ரிப்பன் வியாபாரத்தில் வழங்கும் அகல எண். எண் 3 என்றால் சுமார் 16 மி.மீ., எண் 5 என்றால் 22 மி.மீ., எண் 9 என்றால் 38 மி.மீ. எண் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். எண்ணை நம்பி வாங்குவதைவிட இன்ச் டேப்பை வைத்து அளந்து வாங்குவது நிச்சயம்.

3. பத்து சென்டிமீட்டர் அகலத்துல போ வேணும். எவ்வளவு ரிப்பன் வெட்டணும்?

காதுக்கு: வேண்டிய அகலத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 2 செ.மீ. ஆக 22 செ.மீ. காது புடைக்கும்போது அகலம் அரை செ.மீ. வரை குறையும், சரியாக 10 வேண்டுமென்றால் 23 வெட்டுங்கள். வாலுக்குத் தனித் துண்டு 22 செ.மீ. நடுப்பட்டிக்கு 6 செ.மீ. மொத்தம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது வெட்டி, மடித்து, தைத்துச் செய்யும் போவுக்கான கணக்கு. ஒரே ரிப்பனில் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டுவதானால், 25 மி.மீ. ரிப்பனில் முடிச்சு மட்டுமே 10 செ.மீ.க்கு மேல் விழுங்கும். அதற்கு 60 முதல் 65 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுற்றிக் கட்டுவதென்றால் பெட்டியின் சுற்றளவைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

அழகுக்கும் ஓர் அளவு உண்டு. போவின் அகலம் ரிப்பன் அகலத்தைப் போல நான்கு மடங்கு இருந்தால் பார்க்க நிறைவாக இருக்கும். 25 மி.மீ.க்கு 10 செ.மீ., 38 மி.மீ.க்கு 15 செ.மீ. ஐந்து மடங்கைத் தாண்டினால் காது ஒல்லியாகத் தெரியும், தொங்கவும் தொடங்கும்.

4. சரி, வெட்டியாச்சு. வரிசையா எப்படிச் செய்யறது?

முதலில் எல்லாத் துண்டுகளின் முனைகளையும் பிரியாமல் அடைத்துவிடுங்கள் (முறை 6-ஆம் பதிலில்). பிறகு 22 செ.மீ. துண்டை வளையமாக்கி, முனைகளை 2 செ.மீ. ஏற்றி வைத்து, அந்த இணைப்பு பின்பக்க நடுவில் வரும்படி வளையத்தைத் தட்டையாக்குங்கள். முன்பக்க நடுவை ஒரு குண்டூசியால் குறியுங்கள். கண்ணால் பார்த்து நடுவைப் பிடித்தால் ஒரு காது பெரிதாகத்தான் வரும்.

குறித்த இடத்தில், ரிப்பனின் ஓரத்திலிருந்து ஓரம் வரை, இரண்டு அடுக்கையும் சேர்த்து இரட்டை நூலால் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் குத்திப் போகும் தையல்) போடுங்கள். 25 மி.மீ. அகலத்துக்கு ஆறு தையல் போதும். நூலை இழுத்தால் நடு சுருங்கும். அதே நூலை இடுப்பில் சுற்றுவது போல மூன்று நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சிடுங்கள்.

வால் துண்டையும் நடுவில் இதேபோல் சுருக்கி, காதுகளின் பின்னால் வைத்துத் தையுங்கள். நடுப்பட்டித் துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 8 மி.மீ. பட்டி கிடைக்கும். அதை முன்பக்கத்திலிருந்து சுற்றி, பின்னால் முனைகளை ஏற்றித் தைத்துவிடுங்கள். வாலின் நுனியைக் கடைசியில் வெட்டுவது நல்லது. நீளத்தைத் தொங்கவிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

5. கடைல விக்கிற போவுக்கு நடுவுல அழகா மடிப்பு இருக்கு. எனக்குக் கசங்கின மாதிரி வருது. ஏன்?

சுருக்குவதும் கொசுவுவதும் வேறு வேறு. நூலை இழுத்துச் சுருக்கும்போது மடிப்பு எங்கே விழும் என்று நாம் சொல்ல முடியாது. கொசுவத்தில் அது நம் கையில் இருக்கிறது.

வளையத்தின் நடுவை இரு கைகளின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாகப் பிடியுங்கள். ரிப்பனின் நடுக்கோட்டை முன்னோக்கித் தள்ளி ஒரு மேடு எழுப்புங்கள். அதன் இரு பக்கமும் பள்ளம் விழும். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மறுபடி முன்னோக்கி மடக்குங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேடு, பள்ளம், மேடு, பள்ளம், மேடு என்று தெரிய வேண்டும். 25 மி.மீ. ரிப்பனில் மூன்று மேடு போதும், 38 மி.மீ. என்றால் நான்கு வைக்கலாம். மூன்று என்றால் நடு மேடு சரியாகக் குண்டூசிக் குறியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அரை செ.மீ. விலகினாலே ஒரு காது மேலே பார்க்கும், மற்றது கீழே பார்க்கும்.

பிடித்த பிடி விடாமல் ஒரு துணிக்கிளிப்பைக் குறுக்கே போட்டு, பிறகு நூல் சுற்றுங்கள். விரலால் பிடித்தபடியே நூல் சுற்றும்போதுதான் பெரும்பாலோருக்குக் கொசுவம் நழுவுகிறது.

6. முனை பிசிறு பிசிறா பிரிஞ்சுக்கிட்டே வருது. என்ன பண்ணலாம்?

பாலியஸ்டர், நைலான் ரிப்பனை வெப்பத்தால் அடைக்கலாம். இழை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெழுகுவத்தித் தீயின் அடியில் நீலமாகத் தெரியும் பகுதிக்குப் பக்கவாட்டில், 3 முதல் 5 மி.மீ. தள்ளி, முனையை ஒரே வேகத்தில் நகர்த்துங்கள். ஓரிரு நொடி போதும். ஆர்கன்ஸாவை இன்னும் தள்ளி, 1 செ.மீ. தூரத்தில், இன்னும் வேகமாக. உருகிய முனையை உடனே தொடாதீர்கள். தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பருத்தி, பட்டு, விஸ்கோஸ் (ரேயான்), சணல் இவை உருகாது, எரியும். இவற்றுக்கு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, வெட்டப்போகும் கோட்டின்மேல் சிறு தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, பசை தடவிய பட்டையின் நடுவில் வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தடவினால் தூரிகையே நூலைப் பிரித்துவிடும். பட்டில் பசை கறையாகத் தெரியலாம், ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

7. வெள்ளை ரிப்பனைச் சுட்டா ஓரம் கருப்பாயிடுது, சுருண்டும் போகுது.

கருப்பு என்பது ரிப்பன் கருகியதாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் புகைக்கரி. தீயின் மஞ்சள் நுனியில் எரியாத கரித்துகள் நிறைய இருக்கும். ரிப்பனை அதன்மேல் பிடித்தால் கரி படியும். 6-ஆம் பதிலில் சொன்னபடி நீலப் பகுதியின் பக்கத்தில் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். திரியை அரை செ.மீ. அளவுக்குக் கத்தரித்துவிட்டால் தீ நடுங்காது, புகையும் குறையும்.

சுருள்வதற்குக் காரணம் அதிக வெப்பம். ரிப்பனின் ஒரு முகம் மட்டும் தீயைப் பார்த்தால் அந்த முகம் அதிகம் சுருங்கி, முனை அந்தப் பக்கம் வளையும். வெட்டிய விளிம்பு தீக்கு நேராக இருக்க வேண்டும், முகம் அல்ல.

8. பாலியஸ்டரா பருத்தியான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ரோல்ல எதுவும் எழுதலையே.

2 செ.மீ. துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து, ஓர் உலோகத் தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பாலியஸ்டரும் நைலானும் தீயைவிட்டு விலகிச் சுருங்கி உருகும். ஆறியதும் முனையில் நசுக்க முடியாத கெட்டியான மணி நிற்கும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் போல எரிந்து மிருதுவான சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும், அதன் சாம்பல் விரலில் பொடியும்.

லேஸிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். லேஸ் பருத்தியா நைலானா என்பது 11-ஆம் கேள்விக்கு மிகவும் தேவைப்படும்.

9. பரிசுப் பெட்டில போ கட்டினா படுத்த மாதிரி வராம நட்டுக்குத்தலா நிக்குது. ரிப்பன்ல கோளாறா?

ரிப்பனில் இல்லை, முடிச்சின் திசையில். போ என்பது இரண்டு பின்னல்கள்: முதலில் போடும் ஒற்றை முடிச்சு, அதன்மேல் காதுகளால் போடும் இரண்டாவது முடிச்சு. முதல் முடிச்சில் வலது முனையை இடதின்மேல் போட்டிருந்தால், இரண்டாவதில் இடது காதை வலதின்மேல் போட வேண்டும். இரண்டிலும் வலதே மேலே போனால் முடிச்சு முறுக்கிக்கொண்டு, காதுகள் பெட்டியின் குறுக்கே படுக்காமல் ரிப்பன் ஓடும் திசையிலேயே நிற்கும். சீக்கிரம் அவிழ்ந்தும் போகும்.

பழகிய கை இரண்டாவது முடிச்சை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போடும், அதை மாற்றுவது கடினம். முதல் முடிச்சை மட்டும் எதிர்ப்பக்கமாகப் போட்டுப் பாருங்கள். ஷூ லேஸ் அவிழ்ந்துகொண்டே இருப்பவர்களுக்கும் இதே திருத்தம்தான்.

10. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு உள்ள சாட்டின்ல கட்டினா, ஒரு வால்ல உள்பக்கம் தெரியுது.

ஒற்றை முகச் சாட்டினில் முடிச்சுப் போடும்போது ரிப்பன் எங்காவது ஒருமுறை திரும்பியே தீரும். முதல் முடிச்சைப் போட்டதும் மேலே வந்த முனையை அரைத் திருப்பு திருப்பி, பளபளப்பு வெளியே வரும்படி விட்டுப் பிறகு காது எடுங்கள். இரண்டாவது காது முடிச்சுக்குள் நுழையும் இடத்திலும் இன்னோர் அரைத் திருப்பு. இரண்டு திருப்பும் முடிச்சுக்குள் மறைந்துவிடும். 4-ஆம் பதிலில் சொன்ன தைத்த போவில் இந்தத் தொல்லையே இல்லை. நிறையச் செய்ய வேண்டுமென்றால் அதுவே மேல்.

11. லேஸ்ல மட்டும் போ செஞ்சா துவண்டு விழுது. கடைல எப்படி நிக்க வெக்கறாங்க?

தனி லேஸ் மிக அரிதாகத்தான் நிற்கும். ஓட்டை நிறைந்த துணி தன் எடையைத் தானே தாங்காது. அடியில் ரிப்பன் கொடுப்பதுதான் முதல் வழி. 38 மி.மீ. ரிப்பன்மேல் 25 மி.மீ. லேஸ் வைத்தால் இருபுறமும் ரிப்பன் கரையாகத் தெரியும். மாறாக 25 மி.மீ. ரிப்பனின் அடியில் 40 மி.மீ. லேஸ் வைத்தால் லேஸின் வளைவு ஓரம் மட்டும் எட்டிப்பார்க்கும். என் கண்ணுக்கு இரண்டாவதுதான் லேஸை நன்றாகக் காட்டுகிறது.

எந்த லேஸ் வாங்குவது என்பதும் இதில் அடங்கும். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் வளைவாகவும் இருப்பது துணியின் ஓரத்தில் தைக்க ஏற்றது. போவில் ஒரு பக்கம் மொட்டையாகத் தெரியும். இரண்டு ஓரமும் வளைவாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ரிப்பனே வேண்டாம், லேஸ் மட்டும்தான் வேண்டும் என்றால், அது பருத்தியாக இருந்தால் கஞ்சி போடலாம். ஒரு மேஜைக்கரண்டி சோள மாவை அரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி, ஆறியபின் லேஸை நனைத்து, பிழியாமல் ஒரு துணியில் ஒற்றியெடுத்து, சற்று ஈரமாக இருக்கும்போது இஸ்திரி போடுங்கள். நைலான், பாலியஸ்டர் லேஸ் கஞ்சியைக் குடிக்காது, மேலே வெள்ளைப் பொடியாக உதிரும். அவற்றுக்கு அதே நிற ஆர்கன்ஸா அல்லது விறைப்பான வலைத்துணியை அடியில் கொடுங்கள்.

12. லேஸையும் ரிப்பனையும் சேர்த்துத் தைச்சுட்டு மடிச்சா உள்ள இருக்கிற ரிப்பன் சுருக்கம் சுருக்கமா நிக்குது.

இரண்டு அடுக்கும் ஒரே நீளமாக இருப்பதுதான் காரணம். வளையத்தில் வெளியே இருக்கும் அடுக்கு, உள்ளே இருப்பதைவிடப் பெரிய வட்டத்தைச் சுற்றுகிறது. மெல்லிய லேஸானாலும் ஒரு முழு வளையத்துக்கு 3 மி.மீ. அளவுக்கு அதிகம் வேண்டும். எனவே வெளியே வரும் துண்டை அரை செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள்.

தைக்கும் வரிசையையும் மாற்றுங்கள். தட்டையாக வைத்து முழு நீளத்துக்கும் தைக்க வேண்டாம். ஒரு முனையை மட்டும் இணைத்து, வளையமாக்கி, இரண்டு அடுக்கும் தானாக அமர்ந்த பிறகு மறு முனையைப் பிடித்துத் தையுங்கள். நடுக்கொசுவமே மீதியைப் பிடித்துக்கொள்ளும். தைக்கும்போது லேஸை இழுக்கவே கூடாது. இழுத்துத் தைத்த லேஸ் விட்டவுடன் சுருங்கி ரிப்பனையும் சேர்த்து இழுக்கும். பசை வேண்டாம், லேஸின் ஓட்டை வழியே மஞ்சளாகத் தெரியும்.

13. லேஸ் வால் ரெண்டும் ஒரே மாதிரி முடியலை. ஒண்ணுல பூ முழுசா இருக்கு, இன்னொண்ணுல பாதி.

லேஸை சென்டிமீட்டரில் வெட்டாமல் பூ எண்ணிக்கையில் வெட்டுங்கள். ஒரு பூவின் தொடக்கத்திலிருந்து அடுத்த பூவின் தொடக்கம் வரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். அது 3 செ.மீ. என்றால் 22 செ.மீ. வாலுக்கு எட்டுப் பூ, அதாவது 24 செ.மீ. எட்டு என்ற இரட்டைப்படை எண்ணுக்கு, நடுக்கட்டு இரண்டு பூக்களின் இடைவெளியில் விழும். வால் இருபுறமும் நான்கு முழுப் பூவோடு முடியும்.

ரிப்பன் வாலின் நுனியில் வெட்டும் பிளவை லேஸில் வெட்ட வேண்டாம். பூவின் வெளிக்கோட்டை ஒட்டி, கூரான சிறு கத்தரியால் வெட்டினால் அதுவே அலங்காரம். ரிப்பனில் பிளவு வேண்டுமென்றால்: வாலை நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்தில் நுனியிலிருந்து 2 செ.மீ. மேலே தொடங்கி, திறந்த ஓரத்தின் மூலையை நோக்கிச் சாய்வாக வெட்டுங்கள். திசை மாறினால் பிளவுக்குப் பதில் ஈட்டி முனை வரும்.

14. பல காதுகள் உள்ள பெரிய போ, கதவுல மாட்டற மாதிரி. அதை எப்படி?

ஓரத்தில் மெல்லிய கம்பி ஓடும் 38 மி.மீ. ரிப்பன் எடுங்கள். 10 செ.மீ. காது எட்டு, நடுவில் ஒரு சிறிய வளையம், 25 செ.மீ. வால் இரண்டு. ஒரு காதுக்கு 20 செ.மீ. என்றால் எட்டுக்கு 160, நடு வளையத்துக்கு 10, வாலுக்கு 50. மொத்தம் 220 செ.மீ. பிடிக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும் என்பதால் இரண்டரை மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டித் துண்டு போட வேண்டாம்.

முதல் வாலின் 25 செ.மீ.யை விட்டு, அங்கே கொசுவிப் பிடித்து, கட்டைவிரலைச் சுற்றி நடு வளையத்தை எடுங்கள். பிறகு வலப்பக்கம் ஒரு காது, பிடிக்குள் கொண்டுவந்து ரிப்பனை அரைத் திருப்பு, இடப்பக்கம் ஒரு காது, மறுபடி திருப்பு. ஒவ்வொரு காது முடிந்ததும் திருப்பினால்தான் நல்ல பக்கம் எப்போதும் வெளியே இருக்கும். எல்லாம் முடிந்ததும் 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள அரை மி.மீ. கம்பியை நடு வளையத்தினுள் நுழைத்துப் பின்னால் கொண்டுவந்து இறுக்குங்கள். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு போவையே நான்கைந்து சுற்று திருகுங்கள். கம்பியைத் திருகினால் விரல் வலிக்குமே தவிர அந்த இறுக்கம் வராது.

கட்டி முடித்ததும் அது தட்டையாக, சோர்வாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்க்க வேண்டாம். ஒவ்வொரு காதாக உள்ளே விரலைவிட்டு, நடுவிலிருந்து வெளியே இழுத்து, ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே, ஒன்றைப் பக்கவாட்டில் என்று திருப்பி விடுங்கள். பூ விரிவது அப்போதுதான்.

15. செஞ்ச அன்னிக்கு நல்லா இருந்தது. ரெண்டு நாள்ல காது தொங்கிடுச்சு.

முதலில் நடுவைச் சோதியுங்கள். காதைப் பிடித்து மெல்ல ஆட்டும்போது நடுப்பட்டிக்குள் ரிப்பன் நகர்ந்தால் நூல் சுற்று தளர்வு. நடுப்பட்டி வெறும் அலங்காரம். உள்ளே இருக்கும் நூல்தான் பிடித்து நிற்க வேண்டும். பட்டியை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கிச் சுற்றுங்கள்.

நடு இறுக்கமாக இருந்தும் தொங்கினால் அளவுத் தவறு. 3-ஆம் பதிலின் விகிதத்தைப் பாருங்கள். அளவும் சரி என்றால் ரிப்பன் மெலிசு. அதே நீளத்தில் ஆர்கன்ஸாத் துண்டு ஒன்றைக் காதின் உள்ளே அடுக்காகக் கொடுத்தால் நிற்கும்.

16. பசையா, தையலா? எது நல்லது?

துவைக்கவோ, அணியவோ, இழுபடவோ போகிறது என்றால் தையல். பெட்டியின்மேல் ஒருநாள் இருக்கப் போவதென்றால், பசைக்குச்சியைச் சூட்டில் உருக்கிச் சொட்டவிடும் க்ளூ கன் போதும். க்ளூ கன் பசை வெப்பத்தில் இளகும் பொருள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த போ நடுப்பட்டி கழன்று கிடப்பதற்கு அதுவே காரணம்.

க்ளூ கன்னில் சுமார் 120 டிகிரி செல்சியஸில் இயங்கும் குறைவெப்ப வகையும், 190 டிகிரி அளவில் இயங்கும் வகையும் உண்டு. மெல்லிய சாட்டினுக்கும் ஆர்கன்ஸாவுக்கும் முதல் வகைதான். அதிக வெப்பத்தில் துணி நெளிந்துபோகும், பசையும் மறுபக்கம் கசியும். மிளகு அளவு ஒரு சொட்டு போதும்.

17. கிளிப்ல ஒட்டின போ ரெண்டு நாள்ல கழண்டு வந்துடுது.

குளிர்ந்த வழவழப்பான உலோகத்தில் சூடான பசை பட்டவுடனே இறுகி, பிடிக்காமல் தகடு போல் உரிந்து வரும். கிளிப்புக்கு முதலில் சட்டை போடுங்கள். 4.5 செ.மீ. முதலை கிளிப்புக்கு (முதலை வாய் போலத் திறக்கும் முடி கிளிப்) 10 மி.மீ. கிராஸ்கிரெய்ன் 11 செ.மீ. வேண்டும். மேல் தாடையின் உள்பக்கம் தொடங்கி, நுனியைச் சுற்றி மேலே ஏறி, பின்னால் அழுத்தும் பிடி வரை ஒட்டிக்கொண்டு போங்கள். ஒட்டும் முன் உலோகத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் பிடி இன்னும் பலம்.

அதைவிட உறுதியான வழி: நடுப்பட்டியைச் சுற்றும்போதே கிளிப்பின் மேல் தாடையையும் சேர்த்துச் சுற்றிவிடுவது. பசை விட்டாலும் போ விழாது. இதற்கு நடுப்பட்டியை 6-க்குப் பதில் 8 செ.மீ. வெட்டுங்கள்.

18. வாழ்த்து அட்டைக்கு ரொம்பச் சின்னப் போ வேணும். விரலுக்கே அடங்க மாட்டேங்குது.

நான்கு பல் உள்ள முள்கரண்டி போதும். 3 முதல் 6 மி.மீ. ரிப்பன் 15 செ.மீ. எடுத்து, பற்களின் பின்னால் வைத்து, இரு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து நடுவில் குறுக்காகப் போடுங்கள். அதே நிற நூலை நடு இடைவெளி வழியாக, ரிப்பனுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நுழைத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி இறுக்குங்கள். கரண்டியிலிருந்து நழுவவிட்டால் இரண்டு காதும் இரண்டு வாலும் தயார். எத்தனை செய்தாலும் ஒரே அளவு.

19. வெல்வெட் ரிப்பன்ல நடு ரொம்பத் தடிமனா வருது.

வெல்வெட்டைக் கொசுவாதீர்கள். ஒரே ஒரு மேடு எழுப்பி நூல் சுற்றுங்கள். வால் துண்டைப் பின்னால் அடுக்காமல், இரண்டு தனி வால்களாக வெட்டி நடுவுக்கு 5 மி.மீ. பக்கத்தில் தைத்தால் இன்னும் ஓர் அடுக்கு குறையும். நடுப்பட்டிக்கு வெல்வெட் வேண்டாம், அதே நிறத்தில் 6 மி.மீ. சாட்டின் வையுங்கள். வெல்வெட்டின் மயிர் ஒரு திசையில் படுத்திருக்கும். இரண்டு வாலிலும் அது கீழ்நோக்கி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரே ரோலில் வெட்டியதே இரண்டு நிறமாகத் தெரியும்.

20. கைக்குழந்தைக்குத் தலைப்பட்டியில போ வைக்கலாமா? முத்து ஒட்டலாமா?

மூன்று வயதுக்குக் கீழ் முத்து, மணி, கல் எதுவும் வேண்டாம். கழன்று வாய்க்குள் போனால் மூச்சடைக்கும். பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் இந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்துதான். சின்னப் போவே அதற்குள் அடங்கும். அதனால் பசையை நம்பாமல் தலைப்பட்டியோடு சேர்த்துத் தையுங்கள்.

நீண்ட வால், கழுத்தில் கட்டும் ரிப்பன், தொட்டிலில் தொங்கும் ரிப்பன் மூன்றும் கூடாது. தலைப்பட்டி நெற்றியில் தடம் பதிக்கும் அளவுக்கு இறுகக் கூடாது, தூங்க வைக்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

21. கசங்கின போவை இஸ்திரி போடலாமா? துவைக்கலாமா?

தைத்த பாலியஸ்டர் போவை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, காதுக்குள் சுருட்டிய துணி வைத்துக் காயவிடலாம். அடர் நிற ரிப்பனோடு வெள்ளை லேஸ் சேர்த்திருந்தால், முதலில் ரிப்பன் துண்டை ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் துவைக்க வேண்டாம். கட்டும் முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 டிகிரி அளவைக் குறிக்கும். நைலான் லேஸுக்கு ஒரு புள்ளி, பாலியஸ்டருக்கு இரண்டு, பருத்திக்கு மூன்று. செய்து முடித்த போவின்மேல் பெட்டியை வைக்காமல், காதுக்குள் மரக்கரண்டியின் காம்பை நுழைத்து ஆவி மட்டும் காட்டினால் போதும். வெல்வெட்டுக்கும் ஆவிதான், பெட்டி பட்டால் மயிர் நசுங்கிவிடும். கஞ்சி போட்ட லேஸை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், வெள்ளிப்பூச்சி தேடி வரும்.

22. ஒரே மாதிரி ஐம்பது போ செய்யணும். 25ன்னு போட்ட ஒரு ரோல் போதும்தானே?

3-ஆம் பதிலின்படி ஒன்றுக்கு அரை மீட்டர், ஐம்பதுக்கு 25 மீட்டர். ஆனால் ரோலின் மேல் இருக்கும் 25 கஜமா மீட்டரா என்று பாருங்கள். 25 கஜம் என்றால் 22.86 மீட்டர்தான். அதில் 45 போ வரும், ஐந்து குறையும். சில ரோலில் நடுவே ஒட்டுப் போட்ட இடமும் இருக்கும். அந்தத் துண்டு வீண். இன்னொரு ரோல் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். ஒரே பெயரில் வரும் நிறமும் சாயம் போட்ட தொகுதிக்குத் தொகுதி சற்றே மாறும்.

ஒவ்வொன்றாகச் செய்து முடிக்காமல் வேலை வேலையாகப் பிரியுங்கள். முதலில் கனமான அட்டையில் 22 செ.மீ., 6 செ.மீ. என்று அளவுப் பட்டை வெட்டி வைத்து எல்லாத் துண்டுகளையும் வெட்டுங்கள். பிறகு எல்லா முனைகளையும் அடையுங்கள், பிறகு எல்லா வளையங்களையும் தையுங்கள். அதன்பின் ஒரே உட்காரலில் கொசுவம் பிடியுங்கள், ஏனென்றால் கையின் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும். முதலில் செய்த ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்துக்கும் ஒருமுறை அதன் பக்கத்தில் வைத்து நடுவின் அகலத்தை ஒப்பிடுங்கள்.